சூளையில் பிறந்த இசை

நான் குடியிருக்கும் பகுதிக்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல் என்றால் செங்கல்லோ சுண்ணாம்போ சுடுகின்ற சூளை. மதுரை மாநகரின் மேற்கே இன்று அப்பெயர் தாங்கி நிற்பது சூளையன்று. சாலைகள் கூடுகின்ற ஒரு சந்திப்பும், அதன்மேல் ஒரு மேம்பாலமும், ஓயாத ஊர்தி இரைச்சலுமே ஆகும். நெருப்பு அணைந்த பின்னும் பெயர் நிற்கிறது. உலகில் வேறு சில ஊர்களில் உலைகள் அணைந்த பின் ஓர் இசை நிற்கிறது. அந்த இசையின் வரலாற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ஆங்கிலத்தில் அதனை 'ஹெவி மெட்டல்' என்பர்; கன உலோக இசை எனலாம்.

பண்ணிசையில் தோய்ந்த செவியினர் இதைக் கேட்டுப் புருவம் நெரிக்கக் கூடும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கும் மின்கித்தார்களின் பேரிரைச்சலுக்கும் என்ன தொடர்பு என்று வினவவும் கூடும். தொடர்பு உண்டு. அது கடன்பட்டவனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் உள்ள தொடர்பு.

1989ஆம் ஆண்டு. அப்பொழுது நான் ஆங்கிலமும் வரலாறும் கற்பிக்கும் உதவியாசிரியனாய் இருந்தேன். டென்னிசன் என்னும் ஆங்கிலக் கவிஞர் குதிரைப் படையொன்றின் பாய்ச்சலைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கவிதையை அந்த வாரம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் அருகிருந்தவனுக்கு ஓர் ஒலிநாடாவைக் காட்டினான். பதிவு செய்து தரும் கடையில் வெற்று நாடாவைக் கொடுத்து எடுத்தது. மேலட்டையில் அவன் கையெழுத்தே இருந்தது. பறித்தேன். "ஐயா, நீங்கள் சொன்ன அதே போரைப் பற்றி இதில் ஒரு பாட்டு இருக்கிறது" என்றான். "பேசாதே" என்றேன். நாடா என் அலமாரிக்குள் சென்றது. வகுப்பில் மிகுதியாக வினா எழுப்புபவன் அவனே. அன்று முதல் ஆண்டிறுதி வரை அவன் ஒரு வினாவும் எழுப்பவில்லை. அதனை நான் ஒழுங்கு என்று எண்ணி மகிழ்ந்தேன்.

2025 ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், இவ்விசையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆஸி ஆஸ்பார்ன் காலமானார். அவர் தம் பழைய தோழர்களுடன் பிறந்த நகராகிய பர்மிங்காமில் இறுதியாகப் பாடி இரண்டரை வாரங்களே ஆகியிருந்தன. அச்செய்தியைப் படித்தபொழுது அந்த நாடா நினைவுக்கு வந்தது. அலமாரியைக் குடைந்தேன்; கிடைத்தது. கேட்டேன். அதன் பின்னர், பேரனின் கைபேசி துணையால் எண்பதுகளின் இசைத் தொகுப்புகள் பலவற்றை ஒவ்வொன்றாய்க் கேட்டேன். அறியாமல் தீர்ப்புச் சொன்னவன், முப்பத்தாறு ஆண்டு கழித்து வழக்கை விசாரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிறப்பிடத்தைப் பார்ப்போம். பர்மிங்காம் இங்கிலாந்தின் பட்டறை நகரம். அங்கே 1965இல் டோனி ஐயோமி என்னும் பதினேழு வயது இளைஞர் உலோகத் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்தார். எந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனியைத் துண்டித்தது. அவர் இடக்கையர்; கித்தாரின் நரம்புகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கையே. மனம் உடைந்திருந்தவரிடம் ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். தீயில் இரு விரல்களின் இயக்கத்தை இழந்தும் கித்தார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது. ஐயோமி நெகிழிப் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னாளில் அவற்றின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். தாழ்ந்த, கனத்த அந்த ஒலியே புதிய இசையின் அடித்தளமாயிற்று. ஐயோமியும் ஆஸ்பார்னும் இடம்பெற்ற 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. விரலைப் பறித்த ஆலையே ஓர் இசைக்கு வித்திட்டது எனலாம்.

எண்பதுகளின் வாயிலில் நிற்கும் தொகுப்பு 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. அதே வட்டாரத்துக் குழுவான 'ஜூடாஸ் பிரீஸ்ட்' அதனை 1980 ஏப்ரலில் வெளியிட்டது. பிரிட்டிஷ் ஸ்டீல் என்பது அப்பொழுது அரசுடைமையாய் இருந்த அந்நாட்டு எஃகு நிறுவனத்தின் பெயர். அவ்வாண்டு ஜனவரி 2 முதல் ஏப்ரல் வரை எஃகுத் தொழிலாளர் ஏறத்தாழ பதின்மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தச் சூழலில் எழுந்த தொகுப்பில், உலோக அரவத்துக்காகக் கலைஞர்கள் கரண்டித் தட்டையே குலுக்கிப் பதிவு செய்தனர். கண்ணாடி உடையும் ஒலிக்காகப் பால் புட்டிகளை உடைத்தனர். எங்கள் மதுரையிலும் ஹார்வி மில்லின் சங்கொலி கேட்டு நாளைத் தொடங்கிய குடும்பங்கள் பல. அவர்களுக்கு இந்த ஒலிகளின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது என் கடன் சார்ந்த தொகுப்பு. கிழக்கு இலண்டனில் தோன்றிய 'அயர்ன் மெய்டன்' குழு 1983இல் வெளியிட்ட 'பீஸ் ஆஃப் மைண்ட்' அது. 1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியப் போரின் பலாக்ளாவாக் களத்தில், தவறாய்ப் புரிந்துகொள்ளப்பட்ட கட்டளையால் ஏறக்குறைய 670 குதிரை வீரர்கள் உருசியப் பீரங்கிகளின் வாய்க்கே பாய்ந்தனர். டென்னிசன் அவர்களைப் புறத்தே நின்று போற்றினார். இத்தொகுப்பின் 'தி ட்ரூப்பர்' என்னும் பாட்டோ, மடிகின்ற ஒரு வீரனின் வாயிலிருந்து அதே காட்சியைச் சொல்கிறது. கித்தார்களின் நடை குதிரைக் குளம்படியாகவே ஒலிக்கிறது. அன்று அந்தப் பாட்டை வகுப்பில் ஒலிக்கச் செய்து, இரு பார்வைகளையும் ஒப்பிடச் சொல்லியிருந்தால், அதைவிடச் சிறந்த பாடம் வேறெது? இக்குழுவே 1984இல் கோல்ரிட்ஜின் பழைய மாலுமிக் கவிதையைப் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டாக ஆக்கியது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்று எனக்குக் கற்பித்தனர். மாணவனுக்குத் தெரிந்தது என் கையிலேயே இருந்தது. நான் அதனைப் பூட்டி வைத்தேன்.

இனி 'திராஷ்' என்னும் கிளை. அந்த ஆங்கிலச் சொல்லும் கதிரடித்தலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின. களத்து மேட்டைக் கண்ட நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். இக்கிளை தழைத்த முதன்மையான இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. வானொலிகள் பெரும்பாலும் இதனை ஒலிபரப்பவில்லை. இளைஞர்கள் நாடாவிலிருந்து நாடாவுக்குப் பதிவு செய்து அஞ்சலில் பரிமாறிக்கொண்டனர். மதுரைக்கு வந்த நாடாவும் அவ்வழியின் நீட்சியே. 1981இல் தோன்றிய 'மெட்டாலிக்கா' குழுவின் முதல் தொகுப்பு 1983இல் வந்தது. 1986 மார்ச்சில் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' அதன் சிகரம். போதைப் பொருள் மனிதனைப் பொம்மையாக்கி ஆட்டுவதையும், போர் இளைஞரைத் தின்பதையும் அதன் பாட்டுகள் சொல்கின்றன. அதில் பாட்டில்லாக் கருவியிசை ஒன்றும் உண்டு. பாஹ் என்னும் செருமானிய மேதையின் இசையில் ஈடுபாடு கொண்ட கிளிஃப் பர்ட்டன் அதில் தாழ்சுருதிக் கித்தார் வாசித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று சுவீடனில் பேருந்து கவிழ்ந்து, இருபத்து நான்காம் வயதிலேயே அவர் மாண்டார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இத்தொகுப்பைப் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருப்பதை 2016இல் அறிவித்தது. நான் பறிமுதல் செய்த வகைப் பொருளை ஒரு தேசிய நூலகம் காப்பில் வைத்தது!

அக்காலத்தின் அச்சமும் இவற்றில் பதிந்துள்ளது. 'மெகாடெத்' என்னும் குழுவின் பெயர், அணுகுண்டுப் போரில் பத்து இலட்சம் சாவுகளை ஓர் அலகாகக் கணக்கிடும் சொல்லிலிருந்து வந்தது. வேறு நாடுகளிலும் இவ்விசை எங்கே வேர்விட்டது என்று பாருங்கள். செருமனியில் 'கிரியேட்டர்' குழு தோன்றியது நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்ற எஸ்ஸன் நகரில். பிரேசிலில் 'செபுல்துரா' தோன்றியது மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில். அப்பெயரின் பொருளே 'பொதுச் சுரங்கங்கள்' என்பது. 1984இல் அக்குழு தொடங்கியபொழுது அந்நாட்டில் இராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சூளையும் சுரங்கமும் உள்ள இடந்தோறும் இந்த இசை கேட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாமே ஏற்கத்தக்கவை என்று சொல்ல வரவில்லை. 'ஸ்லேயர்' குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' 1986இல் வந்தது. முழுத் தொகுப்புமே அரைமணிக்குள் முடிந்துவிடுகிறது. அதன் முதற்பாட்டு நாஜி வதைமுகாம் மருத்துவன் ஒருவனின் கொடுமைகளை அடுக்குகிறது. கொடுமையைக் காட்டுவது வேறு, கண்டிப்பது வேறு. அந்தப் பாட்டு காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அது என் உள்ளத்துக்கு இசையவில்லை. 1985 செப்டம்பரில் அமெரிக்க மேலவைக் குழுவொன்று இத்தகைய பாடல்களைப் பற்றி விசாரணையே நடத்தியது. பெற்றோரை எச்சரிக்கும் ஒட்டுச்சீட்டு அதன் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. பெற்றோர் கவலை பொய்யன்று. ஆயினும் அங்கே பாடகரையும் அழைத்துப் பேசவிட்டார்கள். என் வகுப்பறையில் அதுகூட நடக்கவில்லை.

உரத்த ஒலி நமக்குப் புதிதன்று. நாகசுரமும் தவிலும் திறந்த வெளிக்கென அமைந்தவை. பண்டைத் தமிழகத்தில் போர்முரசுக்குத் தனிக் கட்டில் இட்டு வணங்கினர். நீராட்டுக்கு முரசு சென்றிருந்த வேளை, வழிநடை அலுப்பால் அக்கட்டிலில் உறங்கிவிட்டார் மோசிகீரனார் என்னும் புலவர். வாளால் வெட்ட வேண்டிய குற்றம் அது. வந்து கண்ட சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையோ, வாளை விடுத்துக் கவரி வீசினான். புறநானூறு காத்த இச்செய்தியை நான் ஆண்டுதோறும் மாணவருக்கு உருக்கத்துடன் சொன்னவன். நாடாவைப் பறித்த ஆண்டிலும் சொன்னேன்.

சென்ற ஆடியில் அந்த மாணவரைத் தேடிச் சென்றேன். காளவாசலுக்கு அருகிலேயே கடைசல் பட்டறை வைத்திருக்கிறார், தலை நரைத்துவிட்டது. நாடாவை நீட்டினேன். எந்திரத்தை நிறுத்திவிட்டு, கையெழுத்தைப் பார்த்து நகைத்தார். 2007இல் பெங்களூரில் அயர்ன் மெய்டனையும், 2011இல் மெட்டாலிக்காவையும் நேரில் கேட்டதாகச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்குமுன், "ஐயா, அந்தப் பாட்டைக் கேட்டீர்களா?" என்றார். "கேட்டேன், தம்பி. குளம்படி நன்றாகக் கேட்கிறது" என்றேன். பிறகு அவர் பட்டறையிலேயே அமர்ந்து, பலாக்ளாவாவில் அந்தக் கட்டளை யாரால் தவறியது என்று ஒரு மணி நேரம் வினவினார். முப்பத்தாறு ஆண்டாக நின்றிருந்த வினா அது.

நேயர்களே, உங்கள் வீட்டு இளைஞர் கேட்கும் இசை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லுமுன் ஒருமுறை அருகமர்ந்து முழுவதும் கேளுங்கள். கேட்ட பின் கண்டியுங்கள்; அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கேளாமல் கண்டித்தவனுக்கு நேர்ந்த நட்டம் என்னவென்று நான் அறிவேன்.