துரு எதைக் காக்கிறது: பரம்பரைத் துப்பாக்கியைப் புதுப்பிப்பது குறித்து

1855இல் தஞ்சை அரசு கம்பெனியின் கைக்குப் போனது. அரண்மனை ஆயுதச்சாலையில் தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த ஆயுதங்கள் 1860களில் கலைக்கப்பட்டன. தேர்ந்தெடுத்த சில எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. எஞ்சிய பெருங்குவியல் உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோன கதையை எம். ஜே. வால்ஹவுஸ் 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதினார். அதே ஆண்டில்தான் வைசிராய் லிட்டனின் ஆட்சி ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த உடைப்புக்கும் இந்தச் சட்டத்துக்கும் தப்பி, ஏதோ ஒரு வீட்டுப் பரணில் துருவேறிக் கிடக்கும் துப்பாக்கியை அதன் வாரிசு என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடியுப்பைக் கொண்டு கருமருந்து செய்து கடல் கடந்து பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். சுடுகலத்தின் வரலாறு இக்கரையில் அவ்வளவு பழையது. அந்தக் கரையிலிருந்து சற்று மேற்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள் இன்று பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குகின்றன. காயலான் கடையில் எடைபோட்ட குழல் அந்த உலைக்குப் போனால் பிறகு தேடிப் பயனில்லை. அங்குள்ள பட்டறைகளின் திறமையும் சிறியதல்ல. லேத்தும் சாண்ட் பிளாஸ்டிங்கும் அறிந்த கைகள் எந்தத் துருவையும் வெள்ளையாக்கிவிடும். எனக்கு உலையைவிட இந்தப் பளபளப்பின் மேல்தான் அச்சம் அதிகம். பாதுகாத்துவிட்டோம் என்ற நிறைவோடு நடக்கும் அழிவு அது.

காரணம் இரும்பின் இயல்பிலேயே இருக்கிறது. 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியல் ஆய்வகத்தில் ச. பரமசிவன் மின்பகுப்பு முறையால் செப்புத்திருமேனிகளின் களிம்பை நீக்கி, அடியில் இருந்த வேலைப்பாட்டை மீட்டார். அந்த வெற்றியைப் பார்த்து இரும்புக்கும் அதையே செய்யலாம் என நினைப்பது இயல்பு. ஆனால் கடுமையாக அரிக்கப்பட்ட இரும்பில் பழைய மேற்பரப்பு உலோகத்தின் மேல் நிற்பதில்லை. பெரும்பாலும் அது துருப்படலத்துக்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. செய்தவனின் முத்திரை, சோதனைக் குறி, படைப்பிரிவு எண், கம்மியன் உளித்தடம் எல்லாம் அந்த மெல்லிய அடுக்கில்தான். உப்புத்தாள் முதலில் எடுப்பது அதைத்தான். ஆயுத பூஜைதோறும் புளி போட்டுத் துலக்கிய குழலில் எண்கள் மங்கிப்போவதற்கும் இதுவே காரணம்.

“துருவும் பிற்காலத்தில் வந்ததுதானே, அதை ஏன் போற்ற வேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துரு முழுவதையும் போற்றச் சொல்லவில்லை. கழிமுகக் காற்றின் குளோரைடு உள்ளே புகுந்தால் துரு ஓயாது. செம்மஞ்சள் பொடி உதிர்வதும் மஞ்சள் துளிகள் கசிவதும் அதன் அடையாளம். அதை நிறுத்தியே ஆக வேண்டும். கருத்து இறுகிய படலத்தை மட்டும் தொடக் கூடாது. மென்மையான தூரிகை, மூங்கில் சிராய், டானிக் அமிலம், மேலே மெழுகுப் பூச்சு, ஈரம் குறைந்த பெட்டி இவை போதும். கடுக்காயில் உள்ளது போன்ற துவர்ப்புப் பொருள்தான் துருவோடு சேர்ந்து கருநீலச் சேர்மமாகி அரிப்பைத் தணிக்கிறது. இதே மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டெடுத்த கற்கருவி வகையின் காலத்தை, சாந்தி பப்பு குழுவினர் 2011இல் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என நிறுவினர். அந்தக் கைக்கோடரிகளை மீண்டும் கூராக்க எவரும் துணிவதில்லை. இரும்புக்கு மட்டும் அந்த மதிப்பை மறுப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையோ தொன்மை மதிப்போ உடைய, அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. பழுதுபார்த்தாலும் அது சுடுகலமாகப் பயன்படத்தக்கதாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். உரிமமின்றிச் சுடுகலத்தைப் பழுதுபார்ப்பதை 5ஆம் பிரிவு தடுக்கிறது. ஆக, உடைந்த விசைவில்லை மாற்றி, குதிரையை விழவைத்து, குழலின் அடைப்பை நீக்கும் வாரிசு, தன் பாட்டனாரின் நினைவுப்பொருளை உரிமமற்ற ஆயுதமாக மாற்றும் நிலைக்குப் போகிறார். 2019 திருத்தத்துக்குப் பின் பரம்பரை வழி வந்தாலும் ஒருவருக்கு இரண்டு சுடுகலங்களே வரம்பு.

ஆயினும் தன் துப்பாக்கி விலக்குக்கு உட்பட்டதா என்பதை வாரிசு தானே முடிவு செய்துகொள்வது தவறு. பொருளை எடுத்துக்கொண்டு அலையாமல், முதலில் உரிமம் வழங்கும் அலுவலரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தபடியே இருப்பதுண்டு. ஈரம்படாத கருமருந்து பல தலைமுறை கழித்தும் பற்றும். தகுதியுள்ளவர் பார்த்து உறுதிசெய்யும்வரை நெருப்போ சூடாக்கலோ குழலருகே கூடாது.

அரசு அருங்காட்சியகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பொருளைக் கொடுத்தால்தான் கவனிப்போம் என்றில்லாமல், குடும்பங்களிடமே இருக்கும் துப்பாக்கிகளைப் படமெடுத்து, குறிகளைப் படியெடுத்து, வைத்திருந்தவர்களின் வாய்மொழியையும் சேர்த்துப் பதிய வேண்டும். இன்று காவல் நிலையத்தில் ஒப்படைப்பதற்கும் காயலான் கடையில் போடுவதற்கும் இடையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்றாவது வழி தெரிவதில்லை. அத்தகைய பதிவேடு அந்த வழியாக இருக்கும்.