வீராம்பட்டினத்து மண்ணும் ஒரு கிராஃப் தாளும்



சிவில் படித்தவர்களுக்கு சர்வே கேம்ப் மறக்காது. எங்கள் குழு மூன்று நாள் வெயிலில் நின்று அளவு எடுத்தது. நாலாம் நாள் வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: முதல் முளையை எந்த இடத்தில் அடித்தோம் என்று யாருமே நோட்டில் எழுதவில்லை. முளையையும் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தூரம் சரி, கோணம் சரி. ஆனால் அந்தப் படம் பூமியில் எங்கே உட்காரும் என்று சொல்ல வழியில்லை. எங்கள் ஆசிரியர் கோபிக்கவில்லை. "ஆதிப்புள்ளி இல்லாட்டி அது அளவு இல்லப்பா, வெறும் நம்பர்" என்றார்.

அன்றைக்கு அது சமாதானம் மாதிரிதான் காதில் விழுந்தது. பிறகு நம்ம ஊர் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த ஒரு வாக்கியம் வீராம்பட்டினத்தைச் சுற்றியே பலமுறை நடந்து முடிந்த கதை என்று புரிந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

வீராம்பட்டினம் என்றால் செங்கழுநீர் அம்மன் கோயிலும், ஆடி ஐந்தாம் வெள்ளித் தேரும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதன் பக்கத்திலேயே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக ஒரு மேடு இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் இருந்த தாலமி, சுமார் 8,000 ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு ஒரு பட்டியல் போட்டார். அதில் நம் கடற்கரையில் 'பொதுகே' என்ற வணிகத்துறையும் உண்டு. அது அரிக்கமேடாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பிரெஞ்சுக்காரர் ரெனே தெகார்த் தம் வடிவகணித நூலை வெளியிட்ட 1637-க்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, ஓர் ஊரை இரண்டு எண்ணாகச் சொல்லும் யோசனை இருந்திருக்கிறது பாருங்கள். ஆனால் தாலமியின் எண்களை வைத்துப் படம் வரைந்தால் இந்தியத் தீபகற்பமே காணாமல் போகும்; கடற்கரை கிட்டத்தட்ட மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். காரணம், அவர் இங்கே வந்து அளக்கவில்லை. பயணிகள் சொன்ன நாள் கணக்கையும் தூரக் கணக்கையும் பாகைகளாக மாற்றினார். எண் துல்லியமாகத் தெரிந்தாலும் அச்சு கோணியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

அடுத்து வந்தவர் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761 ஜூன் 6-ஆம் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கப் புறப்பட்டார். அதற்குள் ஜனவரியில் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பிவிட்டது. அன்றைய தினம் வானம் தெளிவாக இருந்தது. நடுக்கடலில் கப்பல் தளத்திலிருந்து காட்சியைப் பார்த்தும் விட்டார். பயன்? ஒன்றுமில்லை. கப்பல் ஆடுகிறது, தான் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. எங்கிருந்து பார்த்தோம் என்று சொல்ல முடியாத அளவை வைத்துக் கணக்குப் போட முடியாதே!

மனிதர் ஊர் திரும்பவில்லை. அடுத்த தடவைக்காகக் காத்திருந்து, 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பொறுமையாக அளந்து வைத்தார். இந்தத் தடவை ஆதிப்புள்ளி பக்கா. ஆனால் 1769 ஜூன் 4-ஆம் தேதி காலையில் மேகம் மூடிவிட்டது! முதல் தடவை காட்சி இருந்தது, இடம் இல்லை. இரண்டாம் தடவை இடம் இருந்தது, காட்சி இல்லை. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. வீராம்பட்டினத்தின் பழைய சிதைவுகளைப் பற்றியும் தம் பயண நூலில் எழுதி வைத்தார்.

இங்கே இன்னொரு சங்கதி. அந்தக் காலத்துப் பிரெஞ்சு வரைபடங்களில் பாரீஸிலிருந்து தீர்க்கரேகையை எண்ணுவது வழக்கமாயிற்று. கிரீனிச்சிலிருந்து புதுச்சேரி கிழக்கே சுமார் 79 டிகிரி 50 நிமிடம். பாரீஸிலிருந்து எண்ணினால் சுமார் 77 டிகிரி 30 நிமிடம். ஊர் நகரவில்லை, ஆதிப்புள்ளிதான் நகர்ந்தது.

இனி மேட்டுக்கு வருவோம். மழை பெய்து ஆற்றங்கரை சரியும்போதெல்லாம் மணிகளும் ஓடுகளும் வெளியே வரும். பிள்ளைகள் பொறுக்குவார்கள். 1930-களில் இங்கிருந்த பேராசிரியர் ழூவோ துப்ரேய் அவற்றைச் சேகரித்தார். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை பொறித்த கல் ஒன்றும் கிடைத்தது என்று 1937-ல் சொன்னார். அவருடைய கண்ணுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பொறுக்கிய பொருள்கள் அழகாக இருந்தனவே தவிர, எந்த இடம், எந்த ஆழம், கூட என்ன கிடந்தது என்ற விவரம் இல்லை. எங்கள் சர்வே நோட்டு மாதிரியேதான்.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநராக மார்டிமர் வீலர் வந்தார். பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர். சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய ஆம்போரா சாடியின் துண்டு ஒன்றைப் பார்த்தார். புதுச்சேரியிலிருந்து வந்தது என்றார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே வந்து 1945-ல் அரிக்கமேட்டில் தோண்டினார்.

அவருடைய முறை நம்மவர்களுக்குப் புதிதல்ல. குழியின் விளிம்பில் வரிசையாக முளை அடித்து எண் போட வேண்டும். ஒரு பொருள் கிடைத்தால் மூன்று அளவு: முளை வரிசையில் எவ்வளவு தூரம், வரிசையிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம். அதாவது எக்ஸ், ஒய், இசட். இதோடு அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதையும் குறிக்க வேண்டும். ஏனென்றால் ஆழம் மட்டும் போதாது. பின்னால் வந்த ஒருவன் குப்பைக்குழி வெட்டியிருந்தால், நேற்றைய ஓடு முந்தாநாள் மண்ணுக்குள் போய்க் கிடக்கும். அதனால் குழியின் சுவரையே அளவோடு படமாக வரைந்தார்கள்.

பலன் என்ன? இத்தாலியில் அரெஸ்ஸோ பகுதியில் செய்த அரிட்டைன் என்னும் சிவப்பு மட்கலங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும்: ஏறக்குறைய கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியோடு முடிகிறது. அந்த ஓடு எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்குக்குக் காலம் கிடைத்துவிட்டது. அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ச் சட்டிபானைக்கும் கிடைத்தது. ஆழத்தை ஓர் அச்சிலும் காலத்தை இன்னோர் அச்சிலும் வைத்தால், தென்னிந்திய வரலாற்றில் உறுதியான ஒரு புள்ளி விழுந்தது. சக்கரக் கோடு போட்ட 'ரௌலட்டட்' ஓடுகளை அடையாளமாக வைத்து, 1947-ல் கர்நாடகத்துப் பிரம்மகிரி அடுக்குகளுக்கும் காலம் குறித்தார் வீலர். வீராம்பட்டினத்துப் பக்கத்து ஆற்றங்கரையின் ஒரு புள்ளி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

ஆனால் தெரிந்த ஒரு புள்ளி, கோடு எதன் வழியாகப் போகிறது என்று சொல்லும். எங்கே தொடங்குகிறது என்று சொல்லாது. ஊரின் தொடக்கத்தை ரோம வணிகத்தோடு சேர்த்து, ஏறக்குறைய கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டியே வைத்துவிட்டார் வீலர். வெளிநாட்டார் வந்துதான் இங்கே ஊர் எழுந்தது என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது. 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் கசால் தோண்டினார். 1949-ல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது. பிறகு விமலா பெக்லி பழைய பதிவுகளை எடுத்து மறுபடி பரிசீலித்து 1983-ல் கட்டுரை எழுதினார். 1989 முதல் 1992 வரை அவரே குழுவோடு தோண்டியும் பார்த்தார். முடிவு: அரிட்டைன் ஓடு வருவதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்பே, கி.மு. காலத்திலேயே, இங்கே ஊர் இருந்தது. ரோம வணிகம் போன பிறகும், சோழர் காலத்திலும் மக்கள் வாழ்ந்தார்கள்.

வீலர் தவறினார் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய முடிவு மாறியது. அவர் குறித்து வைத்த அளவுகள் மாறவில்லை. அந்த அளவுகள் இருந்ததால்தான் முப்பத்தெட்டு வருஷம் கழித்து இன்னொருவர் அவரைத் திருத்த முடிந்தது. அகஸ்டஸ் தலை பொறித்த கல்லை வைத்து யாராலும் யாரையும் திருத்த முடியவில்லை.

தம்பி தங்கைகளே, இன்று கம்ப்யூட்டர் நொடியில் கிராஃப் போட்டுவிடும். செல்போனைத் தட்டினால் நிற்கும் இடத்தின் எண் வரும். வீராம்பட்டினத்து மீனவர்களிடமும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. எண் கிடைப்பது சுலபமாகிவிட்டது. அச்சுக்குப் பெயர், அளவின் அலகு, ஆதிப்புள்ளி, தேதி — இந்த நாலையும் எழுதுவது மட்டும் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. உங்கள் முடிவு நாளைக்குத் தப்பாகலாம், அதில் வெட்கமில்லை. வருகிறவன் சரிபார்க்க வழி வைத்துவிட்டுப் போங்கள்.

அரிக்கமேட்டுக்குப் போனால் கரையில் மணி கிடைக்கலாம். சட்டைப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எடுத்து வந்தால் அது வெறும் பாசிமணி. விட்டு வைத்தால் அது ஒரு புள்ளி.

அடுத்த சந்திப்பின்போது ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால், நாம் எல்லோரும் சேர்ந்தே மேட்டுக்கு நடந்து போகலாம். இந்தத் தடவை முதல் முளை எங்கே என்று நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.