லினக்ஸில் கணினி விளையாட்டு

லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் கேம் விளையாடுவதும், வேறு தளத்துக்காக எழுதப்பட்ட கேமை லினக்ஸுக்குக் கொண்டுவருவதும் இக்கட்டுரையின் பொருள். ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். அந்தக் கணக்கைப் பார்த்தால் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு பிஜிஎம்ஐ ஆடும் பையனும் லினக்ஸில்தான் ஆடுகிறான். அதை இங்கே சேர்க்கவில்லை. மேசைக்கணினி, மடிக்கணினி பற்றியே பேச்சு.

அரசு மடிக்கணினி

மற்ற ஊர்களில் லினக்ஸைப் பரப்பியவர்கள் ஆர்வலர்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையின் பெரும்பகுதியை அரசு செய்தது. 2007ஐ ஒட்டி, சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்த காலத்தில், தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்ற தளத்தை வெளியிட்டது. சுருக்கமாக, பாஸ். பள்ளிகளுக்கென்று எடுபாஸ் என்ற தனிப் பதிப்பும் வந்தது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது.

வீடுகளுக்குள் லினக்ஸைக் கொண்டுபோனது விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் எதைத் திறக்க வேண்டும் என்று திரை கேட்கும். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. திட்டம் நடந்த ஆண்டுகளில் மாநிலம் முழுக்கச் சுமார் 50 லட்சம் மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. இந்த அளவுக்கு மாணவர் வீடுகளுக்கு லினக்ஸை அனுப்பிவைத்த அரசுத் திட்டங்கள் உலகிலேயே குறைவு.

ஆனால் பெரும்பாலான மாணவர்கள் திறந்தது விண்டோஸைத்தான். பாஸ் பிடித்திருந்த இடத்தை அழித்து, படம் சேர்த்துவைக்க ஒரு டிரைவ் ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. தமிழில் பட்டிமன்றம் நடத்தும் அளவுக்கு இதற்குக் காரணங்கள் சொல்லலாம். முதல் காரணம் கேம் என்பது இக்கட்டுரையின் கருத்து. பாஸில் சீட்டு, கண்ணிவெடி, சுடோகு போன்ற சில்லறை ஆட்டங்கள் இருந்தன. பதினேழு வயதுப் பையனுக்கு அவை எம்மாத்திரம்?

நல்ல கேம்கள் லினக்ஸுக்கு அப்போது இல்லாமலில்லை. சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தயம் இருந்தது; 2003இல் டேவிட் வைட் தொடங்கிய பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்ற போர்த்தந்திர ஆட்டம் இருந்தது; ரோமானியர், மௌரியர் படைகளை மோதவிடும் 0 ஏ.டி. உருவாகிக்கொண்டிருந்தது. எல்லாம் இலவசம். ஆனால் அவற்றை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். லினக்ஸ் உலகம் மென்பொருளைக் களஞ்சியத்தில் வைத்து, ‘வேண்டியதை எடுத்துக்கொள்’ என்கிறது; அறுந்துபோகாத இணைப்பு இருந்தால்தான் அது நடக்கும். 2011இல் சோழவந்தான் பக்கத்துக் கிராமத்தில் இருந்தது, டாங்கிளில் வரும் மெதுவான இணையம். விண்டோஸ் கேமான ஜிடிஏ வைஸ் சிட்டியோ பக்கத்துத் தெரு அண்ணனின் பென் டிரைவில் வந்து சேர்ந்தது. கோப்புறையைத் திறந்து இரண்டு தட்டு தட்டினால் போதும். விண்டோஸ் ஜெயித்தது தரத்தால் அல்ல, பென் டிரைவால். ஜியோ வந்து டேட்டா மலிந்தது 2016இல். அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது.

போர்ட் செய்தல்

ஒரு கேமின் மூலநிரலை எடுத்து, லினக்ஸில் நேரடியாக ஓடும்படி திருத்தி எழுதுவதே போர்ட். விண்டோஸ் கேம் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ் வழியாகப் படம் வரையும். லினக்ஸில் அது இல்லை. அதை ஓப்பன்ஜிஎல் அல்லது 2016இல் வந்த வல்கனுக்கு மாற்ற வேண்டும். ஒலி, விசைப்பலகை, ஜாய்ஸ்டிக், சன்னல் திறப்பது எல்லாவற்றுக்கும் வேறு வழி தேட வேண்டும். 1998இல் சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற நிரலகம் இந்தப் பின்பாதி வேலையை எளிதாக்கியது. இன்றும் போர்ட் செய்வோர் முதலில் கைவைப்பது அதில்தான்.

வெளியே தெரியாத தொல்லை ஒன்று உண்டு. விண்டோஸுக்குக் கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. லினக்ஸுக்கு அவை வேறு வேறு. நிரலில் ஒரு மாதிரியும் வட்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால், விண்டோஸில் வருடக்கணக்கில் ஓடிய கேம் லினக்ஸில் சுவரே இல்லாத அறையைக் காட்டும். இந்தச் சங்கடத்தை மனத்தில் வைத்துத்தான் 2019இல் லினக்ஸ் கெர்னல் 5.2, எக்ஸ்ட்4 கோப்பு முறையில் எழுத்து வேறுபாடு பாராமல் தேடும் வசதியைச் சேர்த்தது.

முதல் பெரிய போர்ட் டூம். 1993 டிசம்பரில் வெளிவந்த அந்த கேமை, மறு ஆண்டே ஐடி சாஃப்ட்வேரின் டேவ் டெய்லர் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1997 டிசம்பர் 23 அன்று ஜான் கார்மாக் டூமின் மூலநிரலை வெளியிட்டபோது, கொடுத்தது டாஸ் பதிப்பை அல்ல, லினக்ஸ் பதிப்பை. டாஸ் பதிப்பின் ஒலிப்பகுதி வேறொருவர் சொத்து. லினக்ஸ் பதிப்பில் அந்த வில்லங்கம் இல்லை. இன்று பிரிண்டர் திரையிலும் கால்குலேட்டரிலும் டூம் ஓடுகிறதே, அந்த வம்சம் எல்லாம் இந்த வெளியீட்டிலிருந்து வந்தது.

போர்ட் செய்வதையே தொழிலாக்கிப் பார்த்த நிறுவனம் லோகி. 1998இல் ஸ்காட் டிரேக்கர் அமெரிக்காவில் தொடங்கினார். 1999இல் சிவிலைசேஷன்: கால் டு பவர், பிறகு சிம்சிட்டி 3000 உள்ளிட்டவற்றைக் கொண்டுவந்தார். 2002 ஜனவரியில் கடை மூடியது. விண்டோஸ் பதிப்பு வந்து பல மாதம் கழித்து, அதே விலையில், சிறிய கூட்டத்துக்கு விற்பது கட்டுபடியாகவில்லை. லோகியின் கேம்களை இன்றைய லினக்ஸில் ஓடவைப்பது தனி வித்தை. அவை நம்பியிருந்த நிரலகங்கள் மாறிப் போய்விட்டன. அவற்றின் விண்டோஸ் பதிப்பை வைன் வழியாக ஓட்டுவது பலமுறை அதைவிட எளிது.

வைனும் புரோட்டானும்

வைன் 1993இல் தொடங்கிய திட்டம். அது விண்டோஸைப் போலி செய்யும் எமுலேட்டர் அல்ல. விண்டோஸ் நிரல் கேட்கும் ஒவ்வொரு சேவையையும் லினக்ஸின் சேவையாக மாற்றிக் கொடுக்கும் துபாஷி. செயலி ஒன்றேயாதலால் நிரல் முழு வேகத்தில் ஓடும். தாமதம் பெரும்பாலும் படம் வரையும் இடத்தில்தான் வந்தது. 2018இல் பிலிப் ரெபோலே என்பவர் நியர்: ஆட்டோமேட்டா கேமை லினக்ஸில் ஆடும் ஆசையில், டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை வெளியிட்டார். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அதை ஆதரித்தது. கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து வைனையும் அதையும் ஒன்றாகக் கட்டி, 2018 ஆகஸ்ட் 21 அன்று புரோட்டான் என்று வெளியிட்டது. அன்று அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்பட்டவை 27 கேம்கள். இப்போது ஸ்டீமில் தனியாள் ஆடும் கேம்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன.

வால்வின் அக்கறைக்குக் காரணம் வியாபாரம். மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையை விண்டோஸுக்குள் வைத்த பிறகு, வால்வுக்கு வேறு தளம் தேவைப்பட்டது. 2013இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் வால்வ் ஸ்டீம் மெஷின் என்ற பெட்டிகளை விற்றுப் பார்த்தது. நேரடிப் போர்ட்டை மட்டும் நம்பியதால் ஆடுவதற்குச் சரக்கில்லாமல் தோற்றது. 2022 பிப்ரவரியில் ஆர்ச் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கணினி வந்தபோது கையில் புரோட்டான் இருந்தது, வென்றது. ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது.

தமிழ் வாசகருக்கு இதில் நெருக்கமான எடுத்துக்காட்டு வெண்பா. டொராண்டோவின் விசை கேம்ஸ், கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்துச் செய்த கேம். 2023 ஜூலையில் வந்தது. மறு ஆண்டு பாஃப்டாவின் அறிமுக கேம் விருதைப் பெற்றது. லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு கிடையாது. புரோட்டானில் இட்லி வேகிறது.

பழைய சிடி கேம்கள்

மதுரையின் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்த தலைமுறைக்கு கேம் என்றால் ஒரு சிறிய பட்டியல்தான்: டேஞ்சரஸ் டேவ், ரோட் ரேஷ், ஐஜிஐ, வைஸ் சிட்டி, மோஸ்ட் வாண்டட், கிரிக்கெட் 07, கவுன்ட்டர்-ஸ்டிரைக் 1.6. இவற்றில் நேரடியாக லினக்ஸுக்கு வந்தது கவுன்ட்டர்-ஸ்டிரைக் மட்டும். 2013இல் வால்வே கொண்டுவந்தது. 1990இன் டேவ், டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும். மற்றவற்றுக்கு வைன், அல்லது அதை எளிதாக்கும் லூட்ரிஸ், பாட்டில்ஸ் போன்ற முகப்புகள். மோஸ்ட் வாண்டட் வட்டில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற காப்பு முறையை விண்டோஸ் 10 ஏற்பதில்லை என்பதால், அசல் வட்டை வாங்கிவைத்தவருக்கு விண்டோஸிலும் சிக்கல்தான்.

வைஸ் சிட்டிக்கு வேறு பாதை கிடைத்தது. ஆர்வலர் சிலர் ஜிடிஏ III, வைஸ் சிட்டி இரண்டின் நிரலையும் பின்னோக்கிப் பிரித்து எழுதி, லினக்ஸிலும் ஓடவைத்தார்கள். 2021 பிப்ரவரியில் உரிமையாளரான டேக்-டூ அதைக் கிட்ஹப்பிலிருந்து நீக்கவைத்தது. அந்த ஆண்டே வழக்கும் போட்டது. சட்டப்படி அதற்கு உரிமை உண்டு. ஆனால் இருபது வருடப் பழைய கேமை அசல் வட்டு வைத்திருப்பவரே ஓட்டுவதற்கான வேலையைத் தடுத்து என்ன லாபம் என்று கேட்கத் தோன்றுகிறது.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011ஐ ஒட்டிய இன்டெல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறைச் சில்லுகளுக்கு வல்கன் கிடையாது. ஆகவே டிஎக்ஸ்விகே ஓடாது. மனம் தளர வேண்டாம். மேலே சொன்ன பட்டியலில் உள்ளவை எல்லாம் வல்கனே இல்லாத காலத்து கேம்கள். வைனுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓப்பன்ஜிஎல் வழியே அவற்றுக்குப் போதும்.

ஓடாதவை

போட்டி கேம்களில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் மென்பொருள்தான் இன்றைய பெரிய தடை. வேலரன்ட் கேமின் காவலான வேன்கார்டு விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்கிறது. வைனில் அப்படிப்பட்ட கெர்னல் இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021இல் புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அந்தக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது கேம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2024இல் ஜிடிஏ ஆன்லைனும் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் லினக்ஸ் ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தின. இது தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றினாலும் உண்மையில் வணிக முடிவு. நண்பர்களோடு வேலரன்ட் ஆடுவதே ஒருவர் கணினி வாங்கும் நோக்கம் என்றால், லினக்ஸ் அவருக்கு ஒத்துவராது.

தமிழ் எழுத்து

தமிழில் கேம் செய்து லினக்ஸில் வெளியிட நினைப்பவருக்குத் தனித் தலைவலி ஒன்று இருந்தது. யூனிகோடில் ‘கெ’ என்பது ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் வரும் வரிசை; திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கத் தெரிந்த கேம் எஞ்சினுக்கு இது பிடிபடாது. கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். லினக்ஸ் மேசைத்தளம் இந்தச் சிக்கலைப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் ஆகிய நிரலகங்களால் எப்போதோ தீர்த்துவிட்டது. கேம் எஞ்சின்கள்தான் அவற்றை வெகுகாலம் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றினார்கள். இல்லையேல் எழுத்தைப் படமாக ஒட்டினார்கள்.

எஸ்டிஎல் தன் எழுத்துப் பகுதியில் 2022இல் ஹார்ஃப்பஸைச் சேர்த்தது. 2014இல் திறந்த மூலமான கோடாட் எஞ்சின், 2023 மார்ச் 1 அன்று வந்த 4.0 பதிப்பில் அதையே செய்தது. இப்போது யூனிகோடு தமிழ் கோடாட்டில் ஒழுங்காக வருகிறது. லினக்ஸ் பதிப்பை உருவாக்க ஏற்றுமதிப் பட்டியலில் லினக்ஸையும் தேர்ந்தெடுத்தால் போதும், கூடுதல் செலவில்லை. பல்லாங்குழியோ ஆடுபுலி ஆட்டமோ எழுதிப் பார்க்க எட்டு ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினி தாராளம்.

2025–26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அவற்றில் கேம் எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் பதிப்பிலேயே லினக்ஸையும் சேர்த்து வெளியிடுங்கள், விற்பனை ஓய்ந்த பிறகாவது மூலநிரலைத் திறந்துவிடுங்கள்.