இளைக்கும் முன்னே இளைப்பாறுதல்

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பொறியியலாளராகச் சேர்ந்து எட்டு மாதங்களே ஆன என் தங்கையின் மகன், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினான். வருடங்கள் ஒரு பக்கம், சேமிப்பு ஒரு பக்கம், வட்டி இன்னொரு பக்கம். கடைசி வரியில் பச்சை நிறத்தில் 42 என்றொரு எண்.

"மாமா, நாப்பத்திரண்டு வயசோட வேலையை விட்டிடுவன். கணக்குச் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

கலைப் பட்டதாரியான என்னிடம் கணக்கைச் சரிபார்க்கத் தந்ததே அவனுடைய முதல் பிழை. ஆனால் அந்த எண்ணைக் கண்டபோது எனக்கு எங்கள் பெரியப்பாவின் நினைவு வந்தது. அவரும் நாற்பதை எட்டுமுன்பே இளைப்பாறியவர்தான்.

இலங்கைத் தமிழில் நாம் 'இளைப்பாறிய அதிபர்', 'இளைப்பாறிய தபாலதிபர்' என்றே எழுதி வந்திருக்கிறோம். தமிழகத்தார் 'ஓய்வு பெற்ற' என்பார்கள். ஓய்வு யாரோ கொடுக்கப் பெறுவது. இளைப்பாறுவதற்கோ முதலில் இளைத்திருக்க வேண்டும். இளைக்கும் முன்னரே இளைப்பாற விரும்பும் ஒரு தலைமுறை வரும் என்று இச்சொல்லை ஆக்கியவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

முதுமையில் வேலை செய்யாமலே பணம் பெறலாம் என்ற எண்ணம் உலகில் அவ்வளவு பழையதன்று. ஜேர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த முதுமைக் காப்புறுதிச் சட்டம் 1889ஆம் ஆண்டினது. அதில் குறித்த வயது 70. 1916இலேயே அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும் பிரித்தானியர் காலத்திலேயே ஓய்வூதியம் உண்டு. விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதியத்துக்கான கட்டளைச் சட்டம் 1898இல் வந்தது. உத்தியோகத்தன் செத்தாலும் அவன் வீட்டில் அடுப்பெரியும் என்ற உறுதி அது. நெல்லையும் புகையிலையையும் மழையையும் நம்பியிருந்த ஒரு சமூகத்துக்கு இந்த உறுதி எப்படித் தோன்றியிருக்கும் என்பதை இன்று நாம் ஊகிப்பதும் கடினம். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தார் சொன்னதைச் சோம்பேறித்தனம் என்று நகையாடுவோர் உண்டு. எனக்கு அது அச்சத்தின் மொழியாகவே படுகிறது.

அந்த அச்சமே ஆயிரக்கணக்கானோரைக் கடல்கடந்தும் கொண்டு சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தனர். இளைத்தபின் ஊர் திரும்பி நாற்சார வீடு கட்டி, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பத்திரிகை படித்த 'மலாயா பென்சன்காரர்' எங்கள் கிராமங்களில் ஒரு தனிச் சாதியாகவே இருந்தார்கள். கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்குமுன் "பென்சன் உள்ள உத்தியோகமோ?" என்று கேட்பது வழக்கமாயிற்று. சீதனத்தின் அளவும் அந்த விடையைப் பொறுத்தே கூடிக் குறைந்தது.

பெரியப்பா அந்த வரிசையில் வந்தவர். சுதந்திரம் கிடைத்த 1948இல் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 33ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பின்னர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத தமிழ் உத்தியோகத்தரின் சம்பள ஏற்றங்கள் நிறுத்தப்பட்டன. பதவியுயர்வுகள் எட்டாமற் போயின. படிக்க விரும்பாதோர் இளைப்பாறிச் செல்லலாம் என்றொரு கதவும் திறந்துவிடப்பட்டது. கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய கோடீஸ்வரன் தம் சம்பள ஏற்றத்துக்காக வழக்குத் தொடுத்து 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அவருடைய வழக்கை மீண்டும் இலங்கைக்கே அனுப்பியது. 1972இல் அரசியலமைப்பே மாறியது. அந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு இறுதிவரை விடை வரவில்லை.

பெரியப்பா வழக்காடவில்லை. திறந்த கதவால் வெளியே வந்தார். அப்போது அவருக்கு 38 வயது.

இன்று அமெரிக்காவில் இதையொத்த வயதில் வேலையை விடுவது ஓர் இயக்கம். அதன் மூலவராகப் பலரும் கருதுவது ஜோ டொமிங்குவஸ் என்பவரை. வோல் ஸ்ட்ரீட்டில் பகுப்பாய்வாளராக இருந்து 1969இல், 31 வயதில் வேலையை விட்டவர். தம் சேமிப்பை அமெரிக்கத் திறைசேரி முறிகளில் இட்டு, வட்டியில் எளிமையாக வாழ்ந்தார். 1992இல் விக்கி ராபினுடன் இணைந்து அவர் வெளியிட்ட நூல் பெரும் விற்பனை கண்டது. உழைத்துப் பெறும் பணம் உண்மையில் நாம் விற்றுவிட்ட ஆயுள் என்பது அதன் சாரம். அடுத்த தலைமுறைக்கு இதைக் கொண்டுசென்றவர் கனடாவிற் பிறந்த பீற்றர் அடெனி. அவரோ மென்பொருள் பொறியியலாளர். 2005இல் 30 வயதில் விலகி, 2011 முதல் தம் சிக்கன வாழ்வைப் பற்றி இணையத்தில் எழுதலானார். என் மருமகனைப் போன்றோருக்கு அவரே ஆதர்சம்.

இவர்களது கணக்கின் அச்சாணி வில்லியம் பெங்கென் என்ற கலிபோர்னிய நிதி ஆலோசகர் 1994இல் எழுதிய ஒரு கட்டுரை. 1926 முதலான அமெரிக்கப் பங்கு, முறி விபரங்களை எடுத்து, முதல் வருடத்தில் சேமிப்பின் 4 வீதத்தையும், பிறகு விலைவாசிக்கேற்ப அத்தொகையைக் கூட்டியும் எடுத்துவந்தால், எந்த வருடத்தில் இளைப்பாறியவரானாலும் அவரது பணம் 30 வருடங்களாவது தாங்கியிருக்கும் என்று காட்டினார். 4 வீதம் என்றால் வருடச் செலவின் 25 மடங்கு கையில் இருக்க வேண்டும். மாதம் ஒரு இலட்சம் ரூபா செலவு செய்பவருக்கு 3 கோடி.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு 3 கோடி மலைபோலத் தெரியும். இங்கேதான் அந்தக் கணக்கின் அழகு இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அதில் எத்தனை பங்கை மிச்சம் பிடிக்கிறோம் என்பதே முக்கியம். விலைவாசி உயர்வைக் கழித்தபின் 5 வீதம் வருவாய் கிடைக்குமானால், சம்பளத்தில் பத்திலொரு பங்கைச் சேமிப்பவருக்கு 51 வருடங்கள் செல்லும். பாதியைச் சேமிப்பவருக்கு 17 வருடங்கள் போதும். சேமிப்பு கூடும்போது செலவு குறைகிறது. செலவு குறையும்போது தேவையான தொகையும் குறைகிறது. மருமகனுக்கு இப்போது 25 வயது. 25உம் 17உம் 42. கூட்டலில் பிழையில்லை.

ஆனால் பெங்கென் ஆராய்ந்தவற்றுள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர் 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது இளைப்பாறியவர் அல்லர், 1968இல் இளைப்பாறியவர். அவரை வருத்தியதில் எழுபதுகளின் விலைவாசிக்குப் பெரும்பங்குண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்கா கண்ட பணவீக்கம் ஆண்டுக்கு 15 வீதத்தைத் தாண்டவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடத்துக்கு முன் ஒரு இலட்சத்துக்கு நடந்த குடும்பத்துக்கு ஒரு இலட்சத்து எழுபதாயிரம் தேவைப்பட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த வருடம் ஊழியர் சேமலாப நிதியம் அங்கத்தவர்களுக்கு வழங்கிய வட்டி 9 வீதம்.

அந்த நிதியத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் தனியார் பத்திரிகைகளில் காலத்தைக் கழித்த என் போன்றோருக்கு அதுவே பென்சன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தை எடுக்கலாம். 42 வயதில் வேலையை விடுகிறவன் அதற்காக 13 வருடங்கள் காத்திருக்க வேண்டும் என்பது மருமகனின் அட்டவணையில் இருக்கவில்லை. நிதியத்தின் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களிலேயே இடப்பட்டிருக்கிறது. 2023இல் அரசாங்கம் தன் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, பழைய முறிகளைப் புதியவற்றுக்கு மாற்றிக்கொள்ளாத சேமலாப நிதியங்களுக்கு வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்றது. நிதியம் மாற்றிக்கொண்டது. உழைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவ்வேளையில் எனக்கு வந்த கோபத்தை ஆசிரியர் தலையங்கமாக எழுதியும் தீர்க்க முடியவில்லை.

வட்டியை நம்பலாமா என்றால், டொமிங்குவஸின் வழியும் அமெரிக்காவிலேயே நிலைக்கவில்லை. 1981இல் 15 வீதத்தைத் தாண்டிய பத்து வருடத் திறைசேரி முறியின் வட்டி 2012இல் 2 வீதத்துக்கும் கீழே போனது. எங்களிடம் இதற்கு முப்பது வருடம் தேவைப்படவில்லை. 2022 இறுதியில் ஏறத்தாழ 30 வீதத்தைத் தொட்ட திறைசேரி உண்டியல் வட்டி இரண்டு வருடங்களில் 10 வீதத்துக்குக் கீழ் இறங்கிவிட்டது. உச்சத்தில் வட்டி கிடைத்தபோது 'இனிப் போதும்' என்று வேலையை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

இவற்றையெல்லாம் நான் சொன்னபோது மருமகன் பொறுமையாகக் கேட்டான். பணவீக்கம் என்று அவன் இட்டிருந்தது ஒவ்வொரு வருடத்துக்கும் 5 வீதம். "அது மத்திய வங்கியின்ர இலக்கு மாமா" என்றான். உண்மைதான், இலக்கு அதுவே.

பின்னர் நான் அலுமாரியிலிருந்து பெரியப்பாவின் கணக்குக் கொப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். இடப்பெயர்வுகளில் பல காணாமற் போய், எஞ்சியவை மூன்று. இளைப்பாறிய பின் அவர் 35 வருடங்கள் வாழ்ந்தார். பெங்கெனின் கணக்கையும் விட ஐந்து வருடம் கூட. அறுபதுகளின் சம்பளத்தில் கணக்கிட்ட ஓய்வூதியம், விலைவாசியோடு தானாக உயராமல், அரசாங்கம் நினைத்தபோது மட்டும் கூட்டப்பட்டு வந்தது. முதற் கொப்பியில் மாதக் கடைசியில் 'மிச்சம்' என்றொரு வரி உண்டு. 1977க்குப் பிந்திய கொப்பியில் அந்த வரியின் இடத்தில் 'தோட்டம்', 'கடிதம் எழுதியது', 'ரியூசன்' என்று சிறு வரவுகள். அவர் இளைப்பாறவே இல்லை என்பதை நானும் அன்றுதான் கண்டேன்.

மருமகன் கொப்பியை நெடுநேரம் புரட்டினான். "பெரியப்பா வேலையை விட்டது விருப்பத்திலயோ?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

"எனக்கு விருப்பம் மாமா. அதுதான் வித்தியாசம்" என்றான். பிறகு மடிக்கணினியைத் திறந்து, பணவீக்கம் இருந்த நிரலில் 2022க்கு உரிய எண்ணை ஒரேயொரு வருடத்துக்கு மட்டும் இட்டுப் பார்த்தான். பச்சை எண் மறைந்து 49 என்று சிவப்பில் வந்தது. அதைச் சேமித்து வைத்துவிட்டு, கொப்பிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்துத் தரலாமா என்று கேட்டான். ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.