தேரிக்கு வந்த மாணவர்

என் அக்காள் மகன் ஜெர்மனிக்குப் படிக்கப் போய் ஒரு மாதம்தான் ஆகிறது. நேற்று டெலிபோனில், "மாமா, இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிக்கவே தெரியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். கொண்டுபோன உடன்குடிக் கருப்பட்டி தீர்ந்துபோயிற்றாம்; அந்தக் கோபமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். அவனிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் உடன்குடிக்குத் தென்மேற்கே, திசையன்விளையை அடுத்து, இடையன்குடி என்றொரு ஊர் இருக்கிறது. எங்கும் மணலும் பனையும்தான். 1841-ஆம் வருஷக் கடைசியில் அங்கே வந்து சேர்ந்தார் ராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோ சர்வகலாசாலையில் படித்தவர். அப்போது வயது 27. 1838-இல் சென்னையில் கப்பலைவிட்டு இறங்கி, தமிழ் படித்து, ஜனங்களையும் பாஷையையும் பழகிக்கொள்ள வேண்டுமென்று தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி நடந்தே நெல்லைச் சீமைக்கு வந்தவர். வந்தது பாதிரி வேலைக்கு. ஆனாலும் கடைசிவரையில் அவர் ஒரு மாணவர்தான்.

மாணவர் என்றால் தப்பும் செய்வார் அல்லவா? 1849-இல், தாம் நடுவே குடியிருந்த பனைத்தொழில் மக்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். அவர்கள் புத்திக் கூர்மை குறைந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தேறியவர்கள் என்றெல்லாம் எழுதினார். எட்டு வருஷம் கூடவே இருந்தவர் எழுதியது இது! பின்னாளில் நாடார் சமூகத்தில் படித்துத் தலையெடுத்தவர்களே அதை எதிர்த்து எழுதினார்கள். புத்தகம் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அதே மனிதர்தான் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இலேயே எல்லிஸ் துரை எடுத்துக் காட்டியிருந்தார். கால்டுவெல் அதை விரிவாக நிலைநாட்டினார். கடன் வாங்கிய சொற்களை ஒதுக்கி, நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் 'நான்', 'நீ', 'ஒன்று', 'இரண்டு' போன்ற சொற்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். அந்த நூல் இன்றும் நிற்கிறது.

ஒரே கை எழுதிய இரண்டில் ஒன்று விழுந்தது ஏன், மற்றது நின்றது ஏன்? மொழியின் முன்னால் அவர் காது கொடுத்து உட்கார்ந்தார். மனிதர்களைப் பற்றி எழுதும்போதோ, கேட்பதற்கு முன்பே முடிவு கட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக இந்த மண் அவரை ஒதுக்கிவிடவில்லை. 1891-இல் கோடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்கே கொண்டு வந்து, 1847-இல் அஸ்திவாரமிட்டு 1880-இல் முடிந்த அவருடைய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வாரம் அக்காள் பார்சல் அனுப்புகிறாள். கருப்பட்டியோடு நான் ஒரு சீட்டும் வைக்கப்போகிறேன்: "பக்கத்து அறைக்காரனுக்கும் ஒரு துண்டு கொடு. சிரிக்கத் தெரியுமா தெரியாதா என்று அப்புறம் எழுது."