மாலை நான்கு மணிக்குப் பின்: உறைவிடங்களில் வளரிளம் பருவத்தினருக்கான சிறப்புக் கல்வித் திட்டத்தின் வரலாறு

தமிழ்நாட்டில் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அங்கே தங்கும் பிள்ளைக்கென்று தனியாக ஒரு திட்டம் எழுதும் வழக்கத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வரலாறுதான். சோறு, துணி, கூரை, ஒழுங்கு ஆகியவை முதலில் வந்தன. இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே வந்தது. வந்தபோதும் இரண்டு துறைகளின் வழியாக, இரண்டு கோப்புகளாக வந்தது. இன்று குறைபாடோ மனநோயோ உள்ள பதின்வயதினர் உறைவிடங்களில் படும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த வரலாற்று வரிசையில் வேர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சாவும் ஓராண்டுக்குள் பள்ளிகளைத் தொடங்கினர். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்து, கூடவே வைத்துக் கற்பித்தனர். பெண்பிள்ளைகளுக்கும் இடமிருந்தது. இதற்கு முன்மாதிரி ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய அநாதை இல்லமும் அதைச் சுற்றி வளர்ந்த பள்ளிகளும். பிராங்கேயின் பள்ளிகளில் கவனிக்கத்தக்க ஒரு வழக்கம் இருந்தது. மாணவனை வயதுப்படி ஒரே வகுப்பில் உட்காரவைக்காமல், பாடத்துக்குப் பாடம் அவன் தேர்ச்சிக்கேற்ற வகுப்பில் சேர்த்தனர். இலத்தீனில் மேல்வகுப்பில் இருப்பவன் கணக்கில் கீழ்வகுப்பில் இருக்கலாம். இன்றைய தனிநபர் கல்வித் திட்டத்தின் தூரத்து மூதாதை என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. தரங்கம்பாடியிலிருந்து ஹாலேக்குச் சென்று 1710 முதல் அச்சான அறிக்கைகளிலோ பள்ளிகளின் எண்ணிக்கை, பிள்ளைகளின் எண்ணிக்கை, ஆதரவாளர்களுக்குக் காட்டவேண்டிய செலவு ஆகியவற்றுக்கே இடம் அதிகம். நன்கொடையில் நடக்கும் நிறுவனம் தலைகளை எண்ணிக் காட்டியாக வேண்டும். அந்தக் கட்டாயம் இன்றும் மாறவில்லை.

குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்றே உறைவிடப் பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கே பாளையங்கோட்டையில் எழுந்தன. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், 1897-இல் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் காதுகேளாதோருக்கும் பள்ளி தொடங்கினர். சென்னையில் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட் 1926-இல் வந்தது. இவை கற்பிக்கும் முறையை மாற்றின; ஆனாலும் ஒரு வகைக் குறைபாட்டுக்கு ஒரு முறை என்பதே அன்றைய அளவுகோல்.

மனநோயாளிகளின் கதை வேறு. சென்னையில் 1794-இலேயே மனநலக் காப்பகம் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. ஆனால் காவிரி டெல்டாக் குடும்பங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தைவிடக் குணசீலம் பெருமாளும் நாகூர் தர்காவும்தான் கிட்டத்தில் இருந்தன. குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பது பழைய வழக்கம். நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்குவார். இந்த ஒரு கூறை மட்டும் எடுத்துப் பார்த்தால் நவீனச் சட்டம் பின்னாளில் கேட்டதையே கோயில் முன்பே செய்திருக்கிறது. துணைக்கு வந்தவர்கள் திரும்பிப் போய், பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் பெருகிய இடத்தில் நடந்தது வேறு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஓர் இல்லத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். சில நாட்களில் அங்கிருந்த அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உறைவிடங்களின் பதிவு, ஆய்வு பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் எந்தப் பேச்சிலும் இந்தத் தேதி இருக்கிறது.

திட்டம் என்ற கருத்து வந்தது இன்னொரு திசையிலிருந்து. அமெரிக்கா 1975-இல் குறைபாடுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துவடிவத் தனித்திட்டம் வேண்டும் என்று சட்டம் செய்தது. அதே பத்தாண்டில் சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் ‘மெட்ராஸ் டெவலப்மென்ட்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கினர். சிறப்பாசிரியர்கள் இதை ‘எம்.டி.பி.எஸ்.’ என்றே சொல்வார்கள். 18 துறைகள், துறைக்கு 20 செயல்கள், ஆக 360. ஒவ்வொன்றும் பிள்ளையால் முடிகிறதா இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். ‘கவனம் போதாது’, ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ போன்ற பொத்தாம்பொதுவான தீர்ப்புகளுக்கு அங்கே இடமில்லை. முடியாதவற்றில் அடுத்து எட்டக்கூடியதைத் தேர்ந்து இலக்காக எழுதி, மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். இந்தியாவெங்கும் அறிவுசார் குறைபாட்டுக்கான பள்ளிகளில் இது பரவியது. சென்னை இதற்காகப் பெற்ற பாராட்டு போதாது என்பது என் கருத்து.

அந்த 18 துறைகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். படித்தல், எழுதுதல், எண், நேரம், பணம், கேட்டுப் புரிதல், பேச்சு எல்லாம் உண்டு. அவற்றோடு உண்பது, உடுத்துவது, தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, கழிப்பறைப் பழக்கம், வீட்டு வேலை, ஓய்வுப்பொழுது, ஊரில் நடமாடுவது ஆகியவையும் உண்டு. இந்தப் பின்னேழும் பெரும்பாலும் பள்ளிநேரத்தில் நடப்பவை அல்ல. வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அவற்றை அம்மா பார்த்துக்கொள்வாள் என்பது சொல்லாத ஏற்பாடு. விடுதிப் பிள்ளைக்கு யார்? மாலை நான்கு மணிக்குச் சிறப்பாசிரியர் கிளம்பிவிடுவார். திட்டக் கோப்பு அவர் அலமாரியில் பூட்டியிருக்கும். மறுநாள் காலைவரை பிள்ளையோடு இருப்பவர் ஆயாவும் வார்டனும். நாற்பது பேரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு போட்டாக வேண்டிய அவசரத்தில், பதினைந்து வயதுப் பையன் சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருக்க ஆயாவுக்கு எப்படி முடியும்? அவரே போட்டுவிடுகிறார். பகலில் எழுதிய இலக்கு மாலையில் அழிகிறது. பணம் என்ற துறை இன்னும் வேடிக்கை. நூறு ரூபாய் கொடுத்து மீதியைச் சரிபார்த்து வாங்குவது வகுப்பில் தாள்நோட்டு வைத்துக் கற்பிக்கப்படுகிறது. விடுதியிலோ எந்தப் பிள்ளையின் கையிலும் காசு புழங்குவதில்லை.

பதின்வயது என்ற பருவத்தைச் சட்டங்கள் எப்படிப் பார்த்தன என்பது தனியே ஆராயத்தக்கது. 1986-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 எல்லை. 2000-இல்தான் இருவருக்கும் 18 ஆனது. 1987-இன் மனநலச் சட்டம் 16 வயதுக்குட்பட்டோருக்குத் தனி மருத்துவமனை அமைக்கலாம் என்றதோடு நின்றது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை. தமிழக அரசு மானியத்தில் அறிவுசார் குறைபாடுடையோருக்கு நடக்கும் தொழிற்பயிற்சி இல்லங்கள் 14-க்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. ஆக, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை கல்வியிலிருந்து தொழிற்பயிற்சிக்குக் கைமாறுவது இயல்பென்றே பல காலம் கருதப்பட்டது. படிக்க இன்னும் ஆசையும் திறனும் உள்ளவனும் ஊதுவத்தி, மெழுகுவத்தி என்று உட்காரவைக்கப்பட்டான். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ளவர்க்கு இலவசக் கல்வி உரிமையை 18 வரை நீட்டியது. அருகிலுள்ள பொதுப்பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தந்தது.

இரண்டாவது கோப்பு வந்தது குழந்தைகள் பாதுகாப்பின் வழியாக. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தரங்கம்பாடியை உள்ளடக்கிய அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அரசு காப்பகம் திறந்தது. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவன நிபுணர்கள் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு மனநல ஆற்றுப்படுத்தலில் பயிற்சி தந்தனர். உறைவிடம் என்றால் தூக்கம் வராத பிள்ளையையும், அலைச் சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளையையும் கவனிக்க வேண்டிய இடம் என்பதைக் கடற்கரை மாவட்டங்கள் இந்தக் காலத்தில்தான் பரவலாகக் கண்டன. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள், இல்லத்தில் சேரும் பிள்ளைக்குத் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தைப் பிள்ளையைக் கலந்தே தயாரிக்கச் சொல்கின்றன. உடல்நலம், மனநலம், கல்வி, ஓய்வு, உறவுகள் எல்லாம் அதில் வரும். இல்ல ஊழியர்கள் பேச்சில் இது ‘ஐ.சி.பி.’; பள்ளியில் இருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ‘ஐ.இ.பி.’. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒன்றை நலன் அலுவலர் எழுதுகிறார், மற்றதைச் சிறப்பாசிரியர் எழுதுகிறார். ஒன்றின் நகலை மற்றதில் வைத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைக்கு 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றாவது அடுக்கைச் சேர்த்தது. 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. நியமிக்கப்பட்ட பிரதிநிதியோ உதவியாளரோ முழுக்காலமும் உடன் இருக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்து, வாரியம் 7 நாளுக்குள்ளும் பிறகு 30 நாளுக்கு ஒருமுறையும் பரிசீலிக்க வேண்டும். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. தங்குமிடத்தில் கல்விக்கு நியாயமான வசதி என்பதும் இச்சட்டத்தில் உண்டு, ஆனால் பொழுதுபோக்கோடும் வழிபாட்டோடும் சேர்த்து ஒரே வரியில். யார் கற்பிப்பது, எந்தத் திட்டப்படி, பழைய பள்ளியோடு தொடர்பு யார் பொறுப்பு என்பவை அந்த வரிக்குள் இல்லை. அதனால் மூன்று மாதம் சிகிச்சையில் இருந்துவிட்டு வரும் பத்தாம் வகுப்பு மாணவி, தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டு மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்கிறாள்.

தாளைக் கூட்டுவதால் இது தீராது. இருக்கிற திட்டத்தில் பள்ளிநேரத்துக்கு வெளியே நடக்கவேண்டிய இலக்குகளை மட்டும் எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, ஆயாவின் கையிலும் வார்டனின் கையிலும் கொடுக்கலாம். மூன்று மாத மறுபார்வையில் அவர்களையும் உட்காரவைக்கலாம். பிள்ளைக்கு எது முடிகிறது என்பதை அறிந்தவர் பெரும்பாலும் ஆயாதான். அவரைக் கேட்கும் படிவம்தான் இல்லை.

பதினெட்டில் கதை மறுபடி கைமாறுகிறது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிப்பது மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும்வரை, தரங்கம்பாடிக் குடும்பம் இதற்குப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினம் போகவேண்டியிருந்தது. இப்போது மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினால் போதும். காப்பாளர் நியமனத்துக்கு மருத்துவச் சான்றும் உறவுச் சான்றும் கேட்கிறார்கள். பத்தாண்டு எழுதிச் சேர்ந்த கல்வித் திட்டக் கோப்பு விடுதி அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது.