பழங்குடிப் பண்பாட்டுப் படிப்பு (தமிழ்நாடு)

பழங்குடிப் பண்பாட்டுப் படிப்பு என்பது தொல்குடி மக்களின் மொழி, உறவுமுறை, வழிபாடு, வாழ்வாதாரம், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றைப் பல்கலைக்கழக அளவில் கற்பதாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மானிடவியல் பட்டப்படிப்பின் பகுதியாக அமைகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடியினர் தொகை 7,94,697 ஆகும்.

தொடக்கம்

பல்கலைக்கழகத் துறைகள் தோன்றும் முன்பே பழங்குடியினரைப் பற்றிய பதிவுகள் தொடங்கிவிட்டன. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909 இல் வெளியிட்டார். தலை, மூக்கு ஆகியவற்றை அளந்து மக்களை வகைப்படுத்துவது அவர் கால வழக்கம். அளக்கப்பட்டவர்களின் கருத்துக்கு அதில் இடமிருக்கவில்லை.

நீலகிரித் தோடரிடையே ஆய்வு செய்த வி. எச். ஆர். ரிவர்ஸ் வேறொரு வழியைக் கையாண்டார். குடும்பம் குடும்பமாக வம்சாவளியைக் கேட்டு எழுதினார். அவரது தோடர் நூல் 1906 இல் வெளிவந்தது.

பல்கலைக்கழகத் துறைகள்

இந்தியாவில் மானிடவியல் தனித் துறையாக 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதை வழிநடத்திய எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் பாலக்காட்டைச் சேர்ந்தவர். ஆசிரியப் பணியிலிருந்து இத்துறைக்கு வந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை 1945 இல் தொடங்கப்பட்டது. இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனமும் அதே ஆண்டில் அமைந்தது.

கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகம் 1969 இல் தொல்குடிகளுக்கெனத் தனித் துறை கண்டது. இந்தியாவில் இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் நிறுவப்பட்டது.

களப்பணி

இப்படிப்பின் உயிர்நாடி களப்பணியே. மாணவர் ஊரில் தங்கி, மக்களோடு பழகி, கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் குறித்து அறிக்கை எழுத வேண்டும். பேசுவோரின் ஒப்புதலைப் பெறுவது இன்றைய ஆய்வு நெறிகளுள் முதன்மையானது.

கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி இதற்கு ஏற்ற களம். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ள குருபரப்பள்ளியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. இவ்வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. மேற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பகுதிகளில் இருளர் வாழ்கின்றனர். அவர்கள் தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்றவையாக வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிகளுள் ஒருவர். தொழிற்சாலையும் காடும் அருகருகே இருப்பதால், நிலம், தொழில், மொழி ஆகியவை ஒரே தலைமுறையில் எவ்வாறு மாறுகின்றன என்பதை இங்கே நேரில் காணலாம்.

ஆய்வும் உரிமையும்

2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இப்படிப்புக்குப் புதிய பொறுப்பைத் தந்தது. பட்டா இல்லாத குடும்பம் தன் காட்டு நிலத்துக்கு உரிமை கோரும்போது, அரசுப் பதிவேடுகளைத் தவிர வேறு சில சான்றுகளையும் இச்சட்டத்தின் விதிகள் ஏற்கின்றன. மூதாதையரைக் காட்டும் வம்சாவளி, எழுதி வாங்கப்பட்ட முதியோர் வாக்குமூலம், தகுதி வாய்ந்த நிறுவனங்கள் வழக்காறுகளைப் பற்றிச் செய்த ஆய்வுகள் ஆகியன அவற்றுள் அடங்கும். ரிவர்ஸ் ஆய்வுக்காகக் கேட்டெழுதிய வம்சாவளி, இன்று கிராம சபையில் வைக்கப்படும் சான்றாகியுள்ளது.

எனவே மாணவர் பிழையாக எழுதும் ஒரு பெயரோ ஊரோ ஒரு குடும்பத்தின் கோரிக்கையைப் பாதிக்கக்கூடும். எழுதியதை ஊராரிடம் படித்துக்காட்டித் திருத்துவதும், அறிக்கையின் படியை அவர்களிடமே ஒப்படைப்பதும் இதனால் இன்றியமையாதவை. பழங்குடி மாணவர்களே இத்துறையில் பயின்று தம் மொழியில் கேட்டு எழுதும்போது, தகவல் தந்தவர் நிலையிலிருந்து ஆய்வாளர் நிலைக்கு அச்சமூகம் உயர்கிறது.